எந்திரம் நகர்த்தும்போது அடிபட்டால் "பைக்கில் விழுந்தேன்" என்று சொல்லாதீங்க! நஷ்டஈடு பெற தொழிலாளி செய்ய வேண்டியது என்ன?

கடலூர்,

கனமான எந்திரத்தை தூக்கும்போதோ, இறக்கும்போதோ, தள்ளி நகர்த்தும்போதோ கால் நசுங்கி, விரல் துண்டாகி, இடுப்பு பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு கொண்டு வரப்படும் தொழிலாளிக்கு வழியிலேயே ஒரு பாடம் சொல்லிக் கொடுக்கப்படுவது உண்டு. "தம்பி, டாக்டர் கேட்டா பைக்குல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லிடு. செலவை நாங்க பாத்துக்கறோம்" என்பதுதான் அது.

வலியில் துடிக்கும் தொழிலாளியும், நாளைக்கு அதே மேஸ்திரியிடம்தானே வேலைக்கு போகணும் என்று நினைத்து அப்படியே சொல்லி விடுகிறார். அந்த ஒரு வார்த்தையால் சட்டப்படி அவருக்கு வரவேண்டிய பல லட்சம் ரூபாய் கைவிட்டு போகும் ஆபத்து இருக்கிறது.

தேவனாம்பட்டினம் மீனவ கிராமம். கடலுக்கு போவதுதான் இங்கு முக்கிய தொழில். கடலுக்கு போக முடியாத நாட்களிலும், மீன்பிடி தடைக்காலத்திலும் கடலூர் சிப்காட் தொழிற்சாலைகளுக்கும், முதுநகர் பகுதிக்கும், கட்டிட வேலைக்கும் கூலிக்கு போகிறவர்கள் உண்டு. காண்டிராக்டரிடம் நாள் கூலிக்கு போகும்போது மோட்டார், பம்பு, பைப், இரும்பு தகடு என்று கனமான பொருட்களை ஏற்றி இறக்கும் வேலையும் வந்து சேரும். கரையிலும் சும்மா இல்லை. பைபர் படகின் எந்திரத்தை தோளில் தூக்கி மணலில் நடப்பது, படகை மேட்டுக்கு இழுப்பது எல்லாமே பாரமான வேலைதான்.

அடிபட்டவருக்கு என்ன உரிமை இருக்கிறது? முதல் நாளில் என்ன செய்ய வேண்டும்? அதன் விவரம் வருமாறு:-

விபத்து எப்படி நடக்கிறது?

பெரிய எந்திரத்தை நகர்த்த இரும்பு உருளை பைப்புகளை அடியில் போட்டு, கடப்பாரையால் நெம்பி தள்ளுவார்கள். தரை ஒரு பக்கம் சரிவாக இருந்தால் எந்திரம் சட்டென்று ஓடும். முன்னால் நிற்பவரின் கால் மாட்டிக்கொள்ளும். லாரியில் இருந்து பலகை வழியாக சறுக்கி இறக்கும்போதும் இதே கதைதான்.

செயின் பிளாக் போட்டு தூக்கும்போது கொக்கி சரியாக மாட்டாமல் போவது, தேய்ந்த பெல்ட் அறுந்து போவது, கிரேனில் தொங்கும் பாரம் காற்றில் சுழன்று அடிப்பது ஆகியவை அடுத்த காரணங்கள். தொங்கும் பாரத்தின் கீழே ஆள் நிற்கக்கூடாது என்பது இந்த தொழிலின் முதல் பாடம். ஆனால் "கொஞ்சம் கை கொடுத்து நேர் பண்ணுப்பா" என்று சொல்லி ஆளை அடியில் அனுப்புவதும் நடக்கிறது.

இடுப்பு காயம் வேறு வகை. குனிந்தபடி, உடம்பை விட்டு தள்ளி இருக்கும் பாரத்தை தூக்கும்போது முதுகெலும்பின் நடுவில் உள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. வெளியில் ஒரு சொட்டு ரத்தம் தெரியாது. ஆனால் அந்த ஆளால் மறுநாள் எழுந்திருக்க முடியாது.

ஒருவர் கையால் தூக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-ம் ஆண்டே பரிந்துரை செய்தது. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கோ இன்னும் கண்டிப்பானது. எல்லா வசதியும் சரியாக இருந்தாலும் 23 கிலோதான் அளவு என்கிறது அது. நம் ஊரில் ஒரு சிமெண்டு மூட்டையே 50 கிலோ என்பது குறிப்பிடத்தக்கது.

பெரிய விபத்தும், சின்ன காயமும்

2020-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் ராட்சத கிரேனை சோதனை செய்தபோது அது சரிந்து விழுந்து 11 பேர் பலியானார்கள். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி மராட்டிய மாநிலம் தானே மாவட்டத்தில் சம்ருத்தி விரைவுச்சாலை பாலப் பணியில், பாரம் தூக்கி வைக்கும் ராட்சத எந்திரம் சரிந்து 20 பேர் இறந்தனர். தமிழகத்தைச் சேர்ந்தவர்களும் அதில் பலியானார்கள்.

கடலூர் மாவட்டத்துக்கும் தொழிற்சாலை விபத்து புதிதல்ல. 2020-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி நெய்வேலி 2-வது அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. 2021-ம் ஆண்டு மே 13-ந் தேதி கடலூர் சிப்காட்டில் பூச்சி மருந்து தொழிற்சாலையில் நடந்த விபத்தில் 4 பேர் இறந்தனர்.

இப்படி பெரிய விபத்து நடந்தால் மந்திரிகள் வருவார்கள், நிவாரணம் அறிவிக்கப்படும். ஆனால் ஒரே ஒரு தொழிலாளியின் கால் விரல் போனால் யாரும் வருவதில்லை. அவருக்கு கை கொடுப்பது சட்டமும், அவர் கையில் இருக்கும் காகிதமும்தான்.

முதல் நாளில் செய்ய வேண்டியது

அரசு ஆஸ்பத்திரிக்கு போனால் விபத்து பதிவேட்டில் விவரம் எழுதுவார்கள். இதைத்தான் "ஏ.ஆர். என்ட்ரி" என்கிறார்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வேலை செய்யும்போது அடிபட்டது என்று அதில் பதிவாகும். பின்னாளில் விசாரணை நடக்கும்போது முதலில் பார்க்கப்படுவது இந்த காகிதம்தான்.

எனவே டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். "இன்ன கம்பெனியில, இன்ன காண்டிராக்டர்கிட்ட வேலை செய்யும்போது மோட்டார் கால் மேல விழுந்தது சார்" என்று சொன்னால் போதும். மயக்கத்தில் இருந்தால் கூட வந்தவர் சொல்ல வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும், கடலூரில் இருந்து ஜிப்மருக்கு அனுப்பினாலும் இதே விவரத்தைத்தான் சொல்ல வேண்டும். இடத்துக்கு இடம் மாற்றி சொன்னால் அதுவே எதிராக திரும்பும்.

அடுத்து, விபத்து நடந்த இடத்துக்கு உட்பட்ட போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். முதலாளிக்கும், காண்டிராக்டருக்கும் விபத்து பற்றி எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பதிவுத்தபாலில் அனுப்பி, அதன் ரசீதை பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

கேட் பாஸ், வருகை பதிவு, கூலி போட்ட வங்கிக் கணக்கு விவரம், மேஸ்திரி செல்போனில் அனுப்பிய தகவல், விபத்து நடந்த இடத்தின் போட்டோ ஆகியவை எல்லாம் சாட்சியம்தான். கூட வேலை செய்த 2 பேரின் பெயரையும் குறித்து வைக்க வேண்டும்.

தொழிற்சாலையில் அடிபட்டு ஒருவர் 48 மணி நேரம் வேலைக்கு வரமுடியாமல் போனால், அதை தொழிலக பாதுகாப்பு மற்றும் சுகாதார துறைக்கு நிர்வாகம் தெரிவித்தாக வேண்டும். "பைக்குல விழுந்ததா சொல்லு" என்று பாடம் நடத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்று 1923-ம் ஆண்டே சட்டம் வந்து விட்டது. 2010-ம் ஆண்டில் இருந்து இது பணியாளர் இழப்பீட்டு சட்டம் என்று அழைக்கப்பட்டது. 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்ததால், இந்த உரிமைகள் இப்போது சமூக பாதுகாப்பு சட்டத் தொகுப்புக்குள் வந்து விட்டன. பெயர் மாறினாலும் அடிப்படை உரிமை போகவில்லை.

"நான் தினக்கூலிதானே, எனக்கு எங்கே நஷ்டஈடு?" என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. தற்காலிக கூலி ஆட்களை ஒதுக்கி வைத்திருந்த வாசகம் 2000-ம் ஆண்டு திருத்தத்திலேயே நீக்கப்பட்டு விட்டது. வேலைக்கு சேர்ந்து ஒரு மாதம் ஆகாதவர் என்றாலும், அதே பகுதியில் அதே வேலைக்கு கிடைக்கும் கூலியை வைத்து கணக்கு போட சட்டத்தில் இடம் இருக்கிறது.

புதிய சட்டத்தில் இன்னொரு அம்சமும் சேர்ந்துள்ளது. வீட்டில் இருந்து வேலைக்கு போகும்போதோ, வேலை முடிந்து திரும்பும்போதோ விபத்து நடந்து, அந்த நேரமும் இடமும் வேலையோடு தொடர்புடையது என்று நிரூபித்தால் அதுவும் வேலை விபத்தாக கருதப்படும்.

எவ்வளவு கிடைக்கும்?

கணக்குக்கு 3 விஷயம் வேண்டும். மாத சம்பளம், வயது, உழைக்கும் திறனில் எவ்வளவு சதவீதம் போனது என்பவைதான் அவை. மாத சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு அதிகபட்சம் ரூ.15 ஆயிரம் என்று 2020-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி மத்திய அரசு நிர்ணயித்தது. வயதுக்கு ஏற்ற பெருக்கு எண் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது.

உதாரணமாக 35 வயது தொழிலாளி ஒருவர், நாள் கூலி ரூ.800 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் வேலை என்றால் ரூ.20 ஆயிரத்து 800. ஆனால் கணக்கில் வருவது ரூ.15 ஆயிரம்தான். 35 வயதுக்கான எண் 197.06.

அவரால் இனி எந்த வேலையும் செய்ய முடியாது என்றால், சம்பளத்தில் 60 சதவீதமான ரூ.9 ஆயிரத்தை 197.06-ஆல் பெருக்க வேண்டும். வரும் தொகை ரூ.17 லட்சத்து 73 ஆயிரத்து 540.

இறந்து விட்டால் 50 சதவீத கணக்கு. குடும்பத்துக்கு ரூ.14 லட்சத்து 77 ஆயிரத்து 950 வரும். ஈமச்சடங்கு செலவு தனி.

கால் பெருவிரல் முழுவதும் போனால் அட்டவணைப்படி 14 சதவீத இழப்பு. அப்படி என்றால் சுமார் ரூ.2 லட்சத்து 48 ஆயிரம். கை கட்டைவிரல் போனால் 30 சதவீதம். அதாவது ரூ.5 லட்சத்து 32 ஆயிரம். "பைக்கில் விழுந்தேன்" என்ற பேச்சுக்கு பதிலாக கையில் திணிக்கப்படும் 5 ஆயிரம், 10 ஆயிரத்தோடு இதை ஒப்பிட்டு பார்த்துக்கொள்ளலாம்.

எலும்பு முறிந்து சில மாதம் வேலைக்கு போக முடியாதவருக்கு 15 நாளுக்கு ஒரு முறை மாத சம்பளத்தில் 25 சதவீதம் தர வேண்டும். மேலே சொன்னவருக்கு அது ரூ.3 ஆயிரத்து 750. இது அதிகபட்சம் 5 ஆண்டு வரை நீடிக்கும். காயம் 3 நாளுக்குள் சரியாகி விட்டால் நஷ்டஈடு இல்லை. ஆஸ்பத்திரி செலவை முதலாளி தனியாக தரவேண்டும். அதை நஷ்டஈட்டில் கழிக்கக்கூடாது.

ஒரு கை போன தச்சரின் வழக்கு

சதவீதம் என்பது உறுப்பை மட்டும் பார்த்து முடிவு செய்வது அல்ல. பிழைப்பையும் பார்க்க வேண்டும். இதற்கு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு ஒன்று இன்றும் எடுத்துக்காட்டாக சொல்லப்படுகிறது.

ஒடிசாவில் ஒரு சினிமா தியேட்டரில் வேலை செய்த தச்சர், 1968-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாகி விட்டது. ஒரு கைதானே போனது, முழு இழப்பு ஆகாது என்று முதலாளி தரப்பு வாதாடியது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இது முழு இழப்புதான் என்று 1975-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நஷ்டஈடு கொடுக்கும் கடமை விபத்து நடந்த அன்றே தொடங்கி விடுகிறது என்றும் அந்த தீர்ப்பு கூறியது.

பாரம் தூக்குகிறவருக்கும் இது பொருந்தும். தட்டு விலகிய இடுப்பு அட்டவணையில் இல்லை. அந்த மாதிரி காயத்துக்கு டாக்டர் பரிசோதித்து உழைக்கும் திறன் இழப்பை மதிப்பிட வேண்டும். மேஜை வேலை செய்பவருக்கு சின்ன தொந்தரவாக இருக்கும் இடுப்பு வலி, மூட்டை தூக்குகிறவருக்கு பிழைப்பையே பறித்து விடும். ஸ்கேன் ரிப்போர்ட், மருந்து சீட்டு ஒன்றையும் தூக்கி போடக்கூடாது.

இடுப்பு காயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. "ரொம்ப நாளாவே வலிக்குது" என்று மட்டும் சொன்னால், அது விபத்தா, வயசு கோளாறா என்ற கேள்வி வரும். எந்த நாள், எந்த பொருளை தூக்கும்போது சுளீர் என்று பிடித்தது என்பதை அன்றைக்கே டாக்டரிடம் சொல்லி பதிவு செய்ய வேண்டும்.

முதலாளி சொல்லும் சாக்குகள்

"நீ காண்டிராக்டர் ஆளு, எங்களுக்கு சம்பந்தம் இல்ல" என்பது முதல் சாக்கு. கம்பெனியின் தொழில் சம்பந்தப்பட்ட வேலையை காண்டிராக்டரிடம் விட்டிருந்தால், கம்பெனியிடமே நஷ்டஈடு கேட்க சட்டத்தில் வழி உண்டு. கம்பெனி அதை காண்டிராக்டரிடம் பிறகு வசூல் செய்து கொள்ளலாம்.

"உன் தப்பாலதான் நடந்தது" என்பது இரண்டாவது. கவனக்குறைவு என்ற ஒரே காரணத்துக்காக நஷ்டஈட்டை மறுக்க முடியாது. குடிபோதையில் இருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்பு கருவியை வேண்டுமென்றே கழற்றியது ஆகிய காரணங்களை மட்டுமே முதலாளி சொல்ல முடியும். தொழிலாளி இறந்து போனாலோ, நிரந்தரமாக முழு ஊனம் அடைந்தாலோ அந்த காரணங்களும் செல்லாது.

"இதுல ஒரு கையெழுத்து போடு" என்பது மூன்றாவது. நஷ்டஈடு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. இறந்தவரின் குடும்பத்துக்கு தரவேண்டிய நஷ்டஈட்டை அதிகாரியிடம்தான் டெபாசிட் செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்து மனைவி கையில் கொஞ்சம் பணம் கொடுத்து கணக்கை முடித்துவிட முடியாது.

நஷ்டஈட்டை ஒரு மாதத்துக்குள் தராமல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி சேரும். நியாயமான காரணம் இல்லை என்றால் நஷ்டஈட்டு தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம்.

இ.எஸ்.ஐ. இருந்தால்...

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுபவர்கள் முதலாளியிடம் இந்த நஷ்டஈடு கேட்க முடியாது. அவர்கள் இ.எஸ்.ஐ. மூலமாகத்தான் பெறவேண்டும். மாதம் ரூ.21 ஆயிரம் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இதில் வருவார்கள். வேலையில் அடிபட்டு ஓய்வில் இருக்கும் காலத்துக்கு சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலை விபத்துக்கு கிடையாது. நேற்று சேர்ந்தவருக்கும் உரிமை உண்டு. எனவே தன் பெயரில் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்பதை வேலைக்கு சேரும்போதே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நலவாரியம், மீனவர் காப்பீடு

தமிழகத்தில் கட்டுமான தொழிலாளர்களுக்கும், உடல் உழைப்பு தொழிலாளர்களுக்கும் நலவாரியங்கள் உள்ளன. சுமை தூக்குவோரும் பதிவு செய்யலாம். நலவாரிய உதவி வேறு, முதலாளி தரவேண்டிய நஷ்டஈடு வேறு. "வாரியத்துல வாங்கிட்டியே" என்று சொல்லி நஷ்டஈட்டை தட்டிக்கழிக்க முடியாது.

பங்கு முறையில் கடலுக்கு போகும் மீனவர்கள் நிலைமை கொஞ்சம் சிக்கல். யார் முதலாளி, யார் தொழிலாளி என்பதை நிரூபிப்பதே பெரிய பாடு. படகு எந்திரத்தை தூக்கும்போது அடிபட்டால் அவர்களுக்கு கை கொடுப்பது காப்பீடுதான். 2020-ம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீனவர்களுக்கான குழு விபத்து காப்பீடு சேர்க்கப்பட்டது. இறப்பு அல்லது நிரந்தர முழு ஊனத்துக்கு ரூ.5 லட்சம், நிரந்தர பகுதி ஊனத்துக்கு ரூ.2½ லட்சம், ஆஸ்பத்திரி செலவுக்கு ரூ.25 ஆயிரம் என்று அதில் நிர்ணயிக்கப்பட்டது. தன் பெயர் காப்பீட்டு பட்டியலில் இருக்கிறதா என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் ஒவ்வொரு ஆண்டும் கேட்டு தெரிந்து கொள்வது அவசியம்.

எங்கே போவது?

1923-ம் ஆண்டு சட்டத்தின் கீழ் தமிழகத்தில் தொழிலாளர் துணை கமிஷனர்கள்தான் நஷ்டஈட்டு வழக்குகளை விசாரித்து வந்தனர். விபத்து நடந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். தாமதத்துக்கு தகுந்த காரணம் இருந்தால் அதற்கு பிறகும் ஏற்றுக்கொள்ள இடம் உண்டு. ஆனால் அதை நம்பி இருக்கக்கூடாது.

சென்னையிலோ, வெளிமாநிலத்திலோ வேலை செய்து அடிபட்டவர் வழக்குக்காக அங்கேயே அலைய வேண்டியது இல்லை. தான் குடியிருக்கும் ஊருக்கு உட்பட்ட அதிகாரியிடமே மனு கொடுக்கலாம். வக்கீல் இல்லாவிட்டால் தொழிற்சங்க நிர்வாகி மூலமாகவும் ஆஜராகலாம்.

வக்கீல் வைக்க பணம் இல்லை என்பவர்கள் கடலூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடியின மக்கள், தொழிற்சாலை தொழிலாளர்கள் உள்ளிட்டோருக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம்.

இவ்வளவு உரிமை இருந்தும், எல்லாம் ஆஸ்பத்திரியில் முதலில் சொல்லும் அந்த ஒரு வார்த்தையில்தான் நிற்கிறது. வேலைக்கு கிளம்பும்போது வீட்டில் உள்ளவர்களிடம் எந்த கம்பெனி, எந்த காண்டிராக்டர் என்று ஒரு வார்த்தை சொல்லி விட்டு போனால் நல்லது. அடிபட்டு மயங்கி கிடந்தாலும் டாக்டரிடம் உண்மையை சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருப்பார்.